கல்லாங்காட்டுவலசுக்கு ஓர் ஆயர்

வியாழன், காலை 6.20.

உக்கடம் பேருந்து நிலையத்தில் மதுக்கரை போகும் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு பெரியவரும் ஒரு முருங்கைக்காய்க் கட்டும் இருந்தார்கள். கட்டுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர்.

"அது ஒருத்தருக்குக் குடுக்கறதுக்குங்க. விக்கறதுக்கில்லீங்க."

"குடுக்கறதோ விக்கறதோ, சீட்டுல உக்காந்துட்டுதானுங்க வருது."

பெரியவர் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் இருக்கையிலிருந்து ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்து, "காலைல இருந்து சொல்றேன், அதை நெட்டுக்குத்தலா நிறுத்துங்க மாமான்னு" என்றார். டிக்கெட் ஒன்றரை ரூபாய். மூன்று டிக்கெட் வாங்கினோம்.

பெரியவர் பெயர் இஸ்ரவேல். வெள்ளகோவிலில் ஓர் எண்ணெய் ஆலையில் வேலை செய்பவர். அந்த ஊரிலிருந்து மூலனூர் சாலையில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல்லாங்காட்டுவலசு என்ற கிராமத்துச் சபைக்குப் பத்தொன்பது வருடமாக மூப்பர். அம்மாள் பெயர் சாராள். அவருடைய மனைவியின் தங்கை, சத்துணவு அமைப்பாளர், சபையின் மாதர் சங்கத்துக்குச் செயலாளர். இருவரையும் முந்தின நாள் மதியம்தான் எனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் விளம்பரப் பிரிவுக்கு வந்து, நான்கு வரி விளம்பரம் ஒன்று கொடுக்க நின்றிருந்தார்கள். 'கிராமச் சபைக்கு ஆயர் தேவை. வீடு உண்டு.' இதை வேலைவாய்ப்பில் போடுவதா, மணமகன் தேவையில் போடுவதா என்று கவுண்டரில் இருந்தவர் சிரிக்காமல் கேட்டார். இஸ்ரவேல் யோசித்து, "ரெண்டும் இல்லீங்க" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். பதினாறு குடும்பங்கள் உள்ள அந்தச் சபையில் இரண்டு வருடம் எட்டு மாதமாக ஆயர் இல்லை. ஞாயிறுதோறும் இஸ்ரவேலே ஜெப புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்துகிறார். நகரத்து ஆயர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அடுத்த சபைக்குப் போகும் வழியில் மதியம் மூன்று மணிக்கு இறங்கி, நற்கருணை கொடுத்துவிட்டு மூன்றே முக்காலுக்குக் கிளம்பிவிடுகிறார். இந்த ஜூலை மாத முடிவுக்குள் கிராமத்திலேயே தங்கச் சம்மதிக்கும் ஆயர் ஒருவர் கிடைக்காவிட்டால், ஆயர் வீட்டைப் பூட்டிச் சபையை நகரச் சபையோடு சேர்த்துவிடுவதாகத் திருச்சபை அலுவலகம் கடிதம் அனுப்பிவிட்டது. ஆளை அனுப்பும்படி கேட்டதற்கு, "அங்கே போக யாரும் சம்மதிப்பதில்லை. நீங்களே ஒருவரைப் பார்த்துச் சம்மதக் கடிதம் வாங்கி வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த திங்கள்தான் கெடுவின் கடைசி நாள். "எங்காலத்துல சபையப் பூட்டுனாங்கன்னு பேராயிருமுங்க" என்றார் இஸ்ரவேல். ஆயர் தேடிப் போகிறவர்களோடு நானும் வரலாமா என்று கேட்டதற்கு, "ஏனுங்க, உங்களுக்கு யாராச்சும் ஆயரைத் தெரியுமா?" என்று சாராள் கேட்டார். தெரியாது என்றேன். பரவாயில்லை, வாருங்கள் என்றார்கள்.

காலை 7.10. மதுக்கரை.

சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்ற சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு தெரு. நான்காவது வீட்டில் ஓய்வு பெற்ற ஆயர் தானியேல் மகனோடு இருக்கிறார். வயது அறுபத்தாறு. மனைவி இறந்து மூன்று வருடம். நாங்கள் கேட்டைத் திறந்தபோது மகனும் மருமகளும் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மருமகள் பள்ளி ஆசிரியை. "மாமா, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கும் ஒரு வணக்கம் வைத்தார். ஸ்கூட்டர் போய்விட்டது.

வாசலில் இரண்டு நாற்காலிகள் எதிரும் புதிருமாகப் போட்டிருந்தன. உள்ளேயிருந்து இன்னும் இரண்டை தானியேல் தாமே தூக்கி வந்தார். டீயும் தாமே போட்டார். டம்ளர் இரண்டுதான் இருந்தது. மற்றவை மருமகளின் பீரோவில் பூட்டியிருப்பதாகச் சொன்னார். இஸ்ரவேலுக்கும் எனக்கும் டம்ளர், சாராளுக்கு ஒரு பீங்கான் கோப்பை, தமக்கு ஒரு குழம்புக் கிண்ணம்.

சபையார் ஆயரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைக்கிறார்கள். "ஐயரு எங்க ஊருக்கு வந்தரோணுமுங்க" என்று இஸ்ரவேல் தொடங்கினார்.

"எனக்கு ஓய்வு கொடுத்து எட்டு வருஷம் ஆச்சுங்க மூப்பரே. முட்டி என் பேச்சைக் கேக்கறதில்ல. நின்னு பிரசங்கம் பண்ண முடியாது."

"உக்காந்தே பண்ணுங்க. எங்காளுக அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சின்னப் பசங்களா பாருங்களேன். படிச்சுட்டு எத்தனை பேரு இருக்காங்க."

இஸ்ரவேல் தம் ஊரின் சிறப்புகளை வரிசையாகச் சொன்னார். போர் போட்டு நல்ல தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். தானியேல் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக இஸ்ரவேல், பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்ததை எடுப்பவர்போல, துணை முறையைப் பற்றிச் சொன்னார்.

ஆயர் வீடு ஊருக்கும் காலனிக்கும் நடுவில், கோயில் என்று அவர்கள் சொல்லும் தேவாலயத்தை ஒட்டித் தனியாக நிற்கிறது. வெளியூரிலிருந்து வரும் ஆயர் குடும்பம் அங்கே பயந்துவிடக் கூடாது என்று சபையார் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாலையும் ஒரு குடும்பம். ஆறரை மணிக்குக் குழந்தை குட்டிகளோடு ஒரு தூக்குப்போசியில் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு போய், ஆயர் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். பதினாறு நாளுக்கு ஒரு முறை சுற்று வரும். முறை தவறிய குடும்பம் அடுத்த சனிக்கிழமை கோயிலைக் கூட்ட வேண்டும். பட்டியல் எழுதியது சாராள்.

"ஒரு நாளும் ஐயர் ஊட்டைத் தனியா உட்டதில்லீங்க" என்றார் இஸ்ரவேல். "மழை பேஞ்சாலும் போயிருவோம்."

தானியேல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எத்தனை மணி வரைக்கும் உட்காருவாங்க?"

"ஒம்போது வரைக்குமுங்க. ஐயரு போதும்னா எந்திரிச்சிருவோம்."

"யாராவது போதும்னு சொல்லியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லீங்க."

'நேரம் பற்றிக் கேட்டார். தயங்குகிறார்' என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னொரு டீ குடிக்கலாமே என்றார் தானியேல். மணி எட்டே கால் ஆகியிருந்தது. முருங்கைக்காய்க் கட்டில் பாதியைப் பிரித்து அவருக்குக் கொடுத்தோம். முட்டி பேச்சுக் கேட்காத மனிதர் எங்களோடு ஒரு கிலோமீட்டரும் நடந்து வந்து, பஸ் நகரும் வரை நின்றார்.

"இவரு வர மாட்டாரு" என்றார் சாராள்.

காலை 9.40. பொள்ளாச்சிச் சாலை.

மதுக்கரையிலிருந்து சுந்தராபுரத்துக்கு ஒரு டவுன் பஸ், அங்கிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு பஸ். ஆறு ரூபாய். கிணத்துக்கடவு தாண்டியதும் ஆடிக் காற்று ஜன்னல் வழியாக நேராக முகத்தில் அறைந்தது. வியாழன் மாட்டுச் சந்தை நாள். சந்தைக்குப் போகும் லாரிகளின் பின்னால் பஸ் ஊர்ந்தது. பலகை இடுக்கில் ஒரு காளை எங்களையே பார்த்துக்கொண்டு வந்தது.

"மாட்டுக்குன்னா துண்டைப் போட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசி முடிச்சுப்போடலாம்" என்றார் இஸ்ரவேல். "ஐயருக்கு எங்க துண்டைப் போடறது?"

"பல்லைப் புடிச்சுப் பாக்காம இருந்தாச் சரி" என்றார் சாராள்.

இஸ்ரவேலுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஆள் கிடைத்தாலும் ஆடி மாதத்தில் குடி வர வைப்பதா என்று.

"ஏனுங் மாமா, ஏசு சாமிக்கு ஆடி ஏது, ஆவணி ஏது?"

"சாமிக்கு இல்லையாட்ட இருக்குது. ஊருக்கு இருக்குதில்ல அம்மணி?"

பொள்ளாச்சியில் இவர்கள் பார்க்கப் போவது கல்லாங்காட்டுவலசில் கடைசியாக இருந்த ஆயர் ஆபிரகாமின் குடும்பத்தை. பதினான்கு மாதம் இருந்துவிட்டு மாற்றல் வாங்கிப் போனவர். அவர் மனைவி ரோஸ்லினின் தம்பி இறையியல் படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். அவனைக் கேட்பது நோக்கம். ஆபிரகாமுக்கு முன்னால் இருந்தவர் பதினேழு மாதம், அதற்கு முன்னால் இருந்தவர் ஒரு வருடம் இருந்தார்களாம். ஏன் போனார்கள் என்று கேட்டேன். "முதல் ஐயருக்குத் தண்ணி ஒத்துக்கலீங்க. ரெண்டாமவரு கொழந்தைக்கு இஸ்கூலு தூரம். ஆபிரகாம் ஐயருக்கு பஸ்ஸு பத்தலீங்க." பள்ளிக்கூடத் தூரத்தைத் தவிர, அவர்கள் சொன்ன காரணங்களைச் சபையார் சரி செய்திருக்கிறார்கள். போர் போட்டார்கள், நடையாக நடந்து மாலை பஸ்ஸும் வாங்கினார்கள்.

காலை 11.15. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர்.

தென்னந்தோப்புக்கு நடுவில் ஆயர் வீடு. தேங்காய்த் தொட்டி கருகும் வாசனை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. ஆபிரகாம் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். ரோஸ்லின் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து, எங்களைப் பார்த்ததும் சிரித்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெல்லைப் பக்கத்துப் பேச்சு. முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு, மோர் கொடுத்தார்.

இஸ்ரவேல் தம்பியைப் பற்றிக் கேட்டார். அவனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது, தை மாதம் கல்யாணம் என்றார் ரோஸ்லின்.

"அதுக்கென்னங்க, சோடியா வரட்டும். நாங்க தனியா உட்டுருவமா? உங்களைப் பாத்துக்கிட்டாப்பல பாத்துக்குவோம்."

ரோஸ்லின் மோர்ச் சொம்பைத் தரையில் வைத்தார். சிரிப்பு இன்னும் இருந்தது. "வேண்டாம் மூப்பரே. அந்தப் பிள்ளையை நான் அங்க அனுப்ப மாட்டேன்."

"பஸ்ஸுதான் வந்துருச்சுங்களே ஐயரம்மா."

"பஸ் இல்ல." அவர் சாராளைப் பார்த்தார். "சொன்னா வருத்தப்படக் கூடாது. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றார் சாராள்.

"பதினாலு மாசம். எங்க வீட்டுக்காரர்கூடச் சண்டை போட எனக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கல."

நான் சிரித்துவிட்டேன். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதேன். ஆறரை மணி ஆச்சுன்னா அஞ்சு பேரு வந்து உக்காருவாங்க. ஒம்போது மணிக்கு எந்திரிப்பாங்க. அதுக்கப்புறம் சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கு? தலைவலின்னு படுக்க முடியாது. பிள்ளையை ஒரு அதட்டு அதட்ட முடியாது. நைட்டி போட முடியாது. சண்டை வந்துதுன்னா அடக்கி வெச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை சாமான் வாங்க வெள்ளகோவில் சந்தைக்குப் போவோம்லா, அங்க வெங்காயக் கடை முன்னால நின்னு போடுவோம். அந்தக் கடைக்காரருக்கு எங்க குடும்ப விவகாரம் பூராத் தெரியும்."

இஸ்ரவேல் மெதுவாகக் கேட்டார். "பயந்துக்குவீங்கன்னுதானுங்க வந்தோம். முதல்ல இருந்த ஐயரம்மா ஒரு நாளு பாம்பப் பாத்துப் பயந்து கத்துனாங்க. அதுல இருந்துதான் முறை வெச்சது."

"எனக்குப் பாம்புன்னா பயமில்ல மூப்பரே."

"நாங்க வாரப்ப எல்லாம் சிரிச்ச மொகமாத்தான இருந்தீங்க?" இது சாராள்.

"சிரிக்காம என்ன செய்ய? பணியாரம் சுட்டு எடுத்துட்டு வந்து நிக்கியவங்ககிட்ட மூஞ்சியவா காட்ட முடியும்?" அவர் குரல் தணிந்தது. "தங்கமான ஆளுங்க நீங்க. அதுதான் கஷ்டம். கெட்டவங்களா இருந்தா முதல் மாசமே கதவைச் சாத்தியிருப்பேன். போதும்னு சொல்ல வாய் வரல. எனக்கு முன்னால இருந்தவங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்."

ரோஸ்லின் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இஸ்ரவேல் வேண்டாம் என்று எழுந்துகொண்டார். நாங்கள் தெரு முனைக்கு வருவதற்குள் தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்டது. இஸ்ரவேல் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

பிற்பகல் 1.30.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து தாராபுரம், தாராபுரத்திலிருந்து வெள்ளகோவில். மூன்று பஸ்கள், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உடுமலை தாண்டும்வரை தென்னை, பிறகு சோளக்காடு, தாராபுரத்துக்குப் பிறகு கல் வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலமும் வெள்ளாடும். தாராபுரம் நிலையத்தில் டீ ஒன்றரை ரூபாய்.

இஸ்ரவேல் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "மூணு குடும்பத்தை நாமதான் தொரத்தியிருக்கறோம்" என்றார்.

"தொரத்தல. உக்காந்தோம்" என்றார் சாராள்.

"உக்காந்தே தொரத்தியிருக்கறோம். நீ அன்னிக்கு ஆபிரகாம் ஐயரம்மாவுக்குப் பேன் பாத்துட்டிருந்தியே."

"அவிய தலையைக் காட்டுனாங்க, பாத்தேன். உங்களாட்டமா? அந்த ஐயரை உக்கார வெச்சு, மில்லு மோட்டாரு கெட்டுப்போன கதையை அடுத்தடுத்து மூணு முறைக்கும் சொல்லலியா?"

"அவருதான் அப்பறம் என்னாச்சுன்னு கேட்டாரு."

"கேக்காம என்ன பண்ணுவாரு?"

வெள்ளகோவில் வந்து சேர்ந்தபோது மணி 6.20. எனக்குப் பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் அறுபது ரூபாய்க்கு அறை கிடைத்தது. மாலை பஸ் போய்விட்டிருந்ததால் அவர்கள் மூலனூர்ப் பக்கம் போகும் வேனைப் பிடிக்க ஓடினார்கள்.

வெள்ளி, காலை 10.00. கல்லாங்காட்டுவலசு.

கோயில் சிறியது. நாற்பது பேர் நெருங்கி உட்காரலாம். சுவரில் வெள்ளை, ஜன்னலில் நீலம். ஒரு மணி, வேப்ப மரக் கிளையில் கட்டித் தொங்குகிறது. எதிரே இருபது அடியில் ஆயர் வீடு: முன்னறை, இரண்டு அறை, சமையற்கட்டு. ஆள் இல்லாத வீடு என்று சொல்ல முடியாதபடி சுத்தமாக இருந்தது. வாரம் ஒரு குடும்பம் கூட்டி மெழுகுகிறது. அதற்கும் முறை உண்டு.

கோயில் கதவின் உட்புறத்தில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிய துணை முறைப் பட்டியல் இருந்தது. பதினாறு பெயர்கள், மணிமணியான எழுத்து. சாராள் அதை நகத்தால் நான்கு மூலையிலும் பெயர்த்து எடுத்தார். ஒரு முறை படித்துப் பார்த்தார். பிறகு நான்காகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று மாலை இஸ்ரவேல் வேலை முடிந்து வந்து பதினாறு வீட்டுக்கும் போனார். நானும் கூடப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே செய்தி: இனி யாராவது ஆயர் வந்தால், ஞாயிறு தவிர மற்ற நாளில் கூப்பிடாமல் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. பலரும் திகைத்தார்கள். மில் தொழிலாளி ஒருவர், "விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் இருக்கறவியளைத் தனியா உடறது நல்லாவா இருக்குது?" என்று கேட்டார். "நல்லா இல்லைதான்" என்றார் இஸ்ரவேல். "ஆனா அப்படித்தான்." ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண், "வந்தாத்தானுங்க ஏறறதுக்கு?" என்றாள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது. பார்ப்பதற்கு ஆள் மீதம் இல்லை.

சனி, மாலை 4.40.

சொல்லிக்கொண்டு போகலாம் என்று மதியம் ஒரு வேனில் மறுபடியும் கிராமத்துக்கு வந்தேன். மூலனூருக்குப் போய் 6.50-க்குத் திரும்பி வரும் பஸ்ஸில் நான் கிளம்ப வேண்டும். அதே பஸ் போகும்போது கோயில் நிறுத்தத்தில் நின்று, ஒரு தகரப் பெட்டியையும் ஒரு படுக்கைச் சுருளையும் ஒரு மஞ்சள் பையையும் இறக்கியது. கடைசியாகத் தானியேல், முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

மில்லில் சனிக்கிழமை அரை நாள் என்பதால் இஸ்ரவேல் வேப்ப மரத்தடியில்தான் இருந்தார். ஓடி வரவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார்.

"கார்டு போட்டேனே மூப்பரே, நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே. வரலையா?"

"வரலீங்க."

"நேத்து ஆபீஸுக்குப் போய்ச் சம்மதம் எழுதிக் கொடுத்துட்டேன். மகனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்."

இஸ்ரவேல் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு பெட்டியைத் தூக்கப் போனார். அதற்குள் நாலைந்து பேர் வந்து தூக்கிவிட்டார்கள். பெட்டியை முன்னறையில் வைத்தார்கள், விளக்கைப் போட்டுக் காட்டினார்கள், தண்ணீர் இருக்குமிடம் சொன்னார்கள். சாராள் ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும், "வாரோமுங்க ஐயரே, நீங்க ஓய்வெடுங்க" என்று பின்னாலேயே நடந்து படி இறங்கினார்கள். பதினைந்து நிமிடத்தில் வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஆடி மாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாலை 6.30.

பஸ் நிறுத்தம் ஆயர் வீட்டுக்கு நேர் எதிரே. கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். தானியேல் கோயிலிலிருந்து ஒவ்வொன்றாக ஐந்து நாற்காலிகளை எடுத்துப் போய் முன்னறையில் போட்டார். பாய் ஒன்றையும் விரித்தார். மஞ்சள் பையைப் பிரித்தார். உள்ளே ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர்கள். கடைக்காரர் சுற்றிய செய்தித்தாள்கூட அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாகக் கழுவி ஜன்னல் திட்டில் கவிழ்த்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கதவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

காலனி வாசல்களில் ஆட்கள் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அசையவில்லை.

6.35. 6.40. தானியேல் எழுந்து வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு யார் வீட்டு முறைங்க?" என்று கேட்டார்.

தெரியவில்லை, கேட்டு வருகிறேன் என்றேன். சாராள் வீடு இருநூறு அடி தள்ளி இருக்கும். இஸ்ரவேலும் அங்கேதான் நின்றிருந்தார். தானியேல் கேட்டதை அப்படியே சொன்னேன். நாற்காலியையும் டம்ளர்களையும் சொன்னேன்.

"கிழிச்சுப்போட்டேனே" என்றார் சாராள். இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நேற்றைய சேலையில் போய்விட்டது.

"யாரு முறைன்னு ஞாபகமில்லையா?"

"ரெண்டு வருஷம் எட்டு மாசத்துக்கு முந்தி நின்னதுங்க மாமா. யாருக்கு ஞாபகம் இருக்குது?"

"அப்ப என்ன பண்றது?"

"நீங்க நடங்க. நான் பணியாரத்துக்கு மாவு இருக்குதான்னு பாத்துட்டு வாரேன்."

இஸ்ரவேல் நடந்தார். அவர் நடப்பதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும், அதைப் பார்த்து அதற்கடுத்த வீட்டாரும் இறங்கினார்கள். பட்டியல் இல்லாததால் தங்கள் முறை இல்லை என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. பின்னாலிருந்து சாராளின் குரல் கேட்டது: "எட்டரைக்கு எல்லாரும் எந்திரிச்சரோணும், சொல்லிப்போட்டேன். பேன் கீன் பாக்கற வேலை வேண்டாம்."

"ஐயருக்குத் தலைல முடியே இல்லீங்கொ" என்றது ஒரு குரல்.

பஸ் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆயர் வீட்டுப் படியில் செருப்புகளை எண்ணத் தொடங்கி, இருபத்து மூன்று ஜோடி வரை எண்ணினேன், பஸ் நகர்ந்துவிட்டது. உள்ளே இஸ்ரவேல் கையை விரித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மில் மோட்டார் கதையாக இருக்கலாம். தானியேல் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் ஐந்தாறு டம்ளர்களைக் கையில் அடுக்கிக்கொண்டு காலனிப் பக்கமிருந்து வேகமாக வந்தாள்.

கோவையில் நான் குடியிருக்கும் வரிசை வீடுகளில் மாலை ஆறரைக்குக் கதவுகள் சாத்தியிருக்கும்; எனக்கு அது பழக்கம், பிடித்தும் இருக்கிறது. பொள்ளாச்சித் தோப்பில் ரோஸ்லின் அந்நேரம் தாழ்ப்பாள் போட்டிருப்பார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. தானியேல் அங்கே எத்தனை மாதம் இருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது.

வெள்ளகோவில் விளக்குகள் தெரிந்தபோது நோட்டைத் திறந்து மதுக்கரைப் பக்கத்துக்குத் திருப்பினேன். 'நேரம் பற்றிக் கேட்டார், தயங்குகிறார்.' முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை அடித்துவிட்டேன்.